முதல் பாகம் உங்களிடம், கடைசிப் பாகம் என்னிடம்

பிப்ரவரி 9

கண்ணாடிக் கடை முதலாளி அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கு என்ன குறை. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது என்பதால் போனைத் தொடவே கூடாது என்று அண்ணன் உத்தரவு போட்டிருக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சாமான்களைப் பிரித்த அன்று அண்ணன் சீட்டுப் போடுகிற மாதிரி மாப்பிள்ளைக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே போனார் அல்லவா. குக்கர் உங்கள் பக்கமும் அதன் மூடி என் பக்கமும் வந்தபோது நான்தான் தடுத்தேன். புத்தக அலமாரிக்கு வந்தபோது எனக்கும் அலுத்துவிட்டது, பார்க்காமல் விட்டுவிட்டேன். நேற்று பெட்டியைத் திறந்தால், நாம் ஆசை ஆசையாக வாங்கி உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்த அந்த நான்கு பாக நாவலில் இரண்டாம் பாகமும் நான்காம் பாகமும் இங்கே இருக்கின்றன. ஒன்றும் மூன்றும் அங்கே. நியாயமாகப் பிரித்தால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

இரண்டாம் பாகத்திலிருந்து ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. முதல் பாகத்தை அனுப்பி வையுங்கள். படித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன், கூடவே இரண்டாம் பாகமும் வரும். கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, சாப்பிடும்போது அதை என் தட்டில் போடுகிற உங்கள் வழக்கம் இந்த முறை நடக்காது. கடைசிப் பக்கம் என்னிடம் இருக்கிறது.

துறைமுகத்தில் பயிற்சி நன்றாகப் போகிறது. கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரியில் வைக்கும் கிரேன், மாடி மாடியாக ஏறினால் உச்சியில் ஒரு கேபின். என்னோடு படிப்பவர்கள் எல்லோரும் சின்னவர்கள், என்னை அக்கா என்கிறார்கள். "அழுதுக்கிட்டே திரும்பி வருவே, எழுதி வெச்சுக்கோ" என்று வாசலில் நின்று சொன்னீர்கள். இன்றுவரை அழவில்லை.

இப்போது என்ன படிக்கிறோம், அடுத்து என்ன என்று இருவரும் எழுதி வைக்கும் நம் சமையலறைச் சிலேட்டு உங்கள் பங்குக்குப் போய்விட்டதால் இங்கேயே எழுதுகிறேன்.

இப்போது: கிரேன் பாதுகாப்பு விதிகள். தூக்கம் தூக்கமாக வருகிறது.
அடுத்து: முதல் பாகம், நீங்கள் மனது வைத்தால்.

இப்படிக்கு,
இரண்டு, நான்கு பாகங்களின் உரிமையாளர்


பிப்ரவரி 21

துறைமுகத்து மகாராணிக்கு,

உத்தரவு கிடைத்தது. முதல் பாகத்தை உடனே அனுப்பியிருப்பேன், ஆனால் நீ கேட்ட பிறகுதான் எனக்கும் அதைப் படிக்க ஆசை வந்தது. உறையைப் பிரித்தேன், கடை வேலை கெட்டது. கண் பரிசோதனைக்கு வந்த தபால்காரர் எழுத்துப் பலகையைப் படித்து முடித்து உட்கார்ந்திருக்கிறார், நான் நாவலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் எட்டிப் பார்த்து, நானும் ஒரு பக்கம் படித்துக்கொள்கிறேன் என்றார். இப்போது அவரும் நம் கட்சி. இந்தப் பார்சல் அவர் கையால்தான் வருகிறது.

கதையைச் சொல்ல மாட்டேன், பயப்படாதே. அட்டையில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். வீட்டின் மூத்த மருமகள், எல்லோரும் பெரியவள் என்று கூப்பிடுகிறார்கள், கொழுந்தன்மார் பறித்துக்கொண்ட வீட்டைக் கேட்டு வழக்குப் போடுகிறாள். வக்கீலிடம் ஒரு குமாஸ்தா இருக்கிறார், குடையை மடக்கவே மாட்டார், வீட்டுக்குள்ளும் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர்தான் அவளைக் காட்டிக் கொடுப்பார். வழக்கில் பெரியவள் தோற்பாள். எழுதி வைத்துக்கொள்.

மூடி கிடைத்ததால் குக்கர் நன்றாக வேலை செய்கிறது. சாதம் மட்டும் குழைந்துவிடுகிறது.

சிலேட்டில் உன் பக்கம் நீ கடைசியாக எழுதியது அப்படியே இருக்கிறது. துடைக்கத் துணி கிடைக்கவில்லை.

இப்போது: உன் கடிதம் வருவதற்கு முன்பு சதுரங்கப் புத்தகம். தனியாக ஆடுவதால் நான்தான் ஜெயிக்கிறேன்.
அடுத்து: மூன்றாம் பாகம் கையில் இருக்கிறது, ஆனால் இரண்டு இல்லாமல் தொட மாட்டேன். என்னாலும் பொறுமையாக இருக்க முடியும்.

இப்படிக்கு,
ஒன்று, மூன்று


மே 4

கடை முதலாளிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். முதல் பாகத்தை ஆற அமரப் படித்தேன், இரண்டாம் பாகத்தை ஒரே மூச்சில் முடித்தேன். இரண்டையும் சேர்த்து அனுப்புகிறேன். தபால்காரரிடம் சொல்லுங்கள், இரண்டாம் பாகத்தில் பெரியவள் நீதிமன்றத்தில் பேசுகிற இடம் வரும், அதை நின்றுகொண்டு படிக்க வேண்டும்.

இப்போது என் சண்டை. நான் ஒரு பக்கம்கூடப் புரட்டாத நேரத்தில், பெரியவள் தோற்பாள், குமாஸ்தா துரோகி என்று எழுதினீர்கள். கடைசிப் பக்கம் கையில் இல்லாவிட்டாலும் உங்களுக்கு முடிவு தெரிந்துவிடுகிறது. குமாஸ்தா ஒவ்வொரு முறை உள்ளே வந்தபோதும் நான் அவரைச் சந்தேகத்தோடுதான் பார்த்தேன், நீங்கள் சொன்னதால். எழுதி வைத்துக்கொள் என்று வேறு. அதே வார்த்தையை வாசலில் என்னிடமும் சொன்னீர்கள். அதனால்தான் நான் இங்கே இருக்கிறேன், கிரேன் மேல் இருந்த ஆசையால் மட்டும் இல்லை. ஒரு மனுஷி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் அவளுடைய கடைசிப் பக்கத்தை நீங்கள் எப்படிப் படித்தீர்கள்?

சரி, இது போன் இல்லை. நிறுத்துகிறேன்.

கேபினில் உட்கார்ந்து படிக்க அனுமதி கிடைத்திருக்கிறது. கப்பல் வராத நேரத்தில், இயந்திரத்தை அணைத்துவிட்டு. பயிற்சி கொடுப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் மீசை. "அணைச்சிட்டுப் படிங்க, படிச்சிட்டு அணைக்காதீங்க" என்பார். சுற்றிலும் கண்ணாடி, காலுக்குக் கீழேயும் கண்ணாடி, நடுவில் நானும் என் புத்தகமும். புத்தகத்துக்கு ஒரு கண்ணாடி, கடலுக்கு ஒரு கண்ணாடி என்று மாற்றி மாற்றிப் போட முடியாமல், பக்கத்துத் தெருவில் ஒரு பைஃபோகல் வாங்கிவிட்டேன். மேல் பாதி தூரத்துக்கு, கீழ்ப் பாதி படிக்க. உங்களிடம் கேட்டிருக்கலாம். ரோஷம்.

அண்ணன் எழுதியிருக்கிறார். பிரிவுக்கான பேப்பரை வக்கீல் தயார் செய்துவிட்டாராம். என் பயிற்சி முடிந்து, டிசம்பரில் நான் ஊருக்கு வரும்போது இருவரும் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன். நீங்களும் சரி என்றீர்களாம்.

இப்போது: நம் அலமாரியிலிருந்து எனக்கு வந்த தேனீப் புத்தகம். ராணித் தேனீக்கு நிறைய வேலை.
அடுத்து: மூன்றாம் பாகம். அதற்கு அப்புறம் எரிமலைகளைப் பற்றி ஒன்று வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டு, நான்கு


மே 26

தேனீ ராணிக்கு,

வேறு கடைக்காரன் கண்ணாடியா? இத்தனை வருஷம் என் கடைக் கவுன்டரில் நின்று எல்லோருக்கும் பிரேம் போட்டுவிட்டவள், இன்னொருவன் கடையில் போய்த் தலையை நீட்டியிருக்கிறாய். பேப்பரில் கையெழுத்துப் போடுவதைக்கூட நான் தாங்கிக்கொள்வேன். இதைத் தாங்க முடியவில்லை.

உன் சண்டைக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். அதனால் மூன்றாம் பாகத்தை அனுப்புகிறேன், படித்து முடித்துவிட்டேன். குமாஸ்தாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நாக்கு துடிக்கிறது, சொல்ல மாட்டேன். தபால்காரரும் சொல்ல மாட்டார். அவர் நீதிமன்றக் காட்சியைக் கடை நடுவில் நின்று சத்தமாகப் படித்தார், பிரேம் பார்க்க வந்த இரண்டு பேர் கண்ணாடியை மறந்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

சாதம் இப்போது குழைவதில்லை. அடி பிடிக்கிறது.

இப்போது: நூலகத்தில் ஒரு தடிப் புத்தகம் எடுத்தேன், துறைமுகத்தில் பெட்டி தூக்குவதைப் பற்றியது. பாதி புரியவில்லை, படம்தான் பார்க்கிறேன். நீ உட்காரும் நாற்காலியின் படம்கூட இருக்கிறது.
அடுத்து: நீ நான்காம் பாகத்தை எப்போது அனுப்புகிறாயோ அப்போது அது.

இப்படிக்கு,
ஒன்று, மூன்று (இப்போது கையில் இருப்பது ஒன்றும் இரண்டும்)


ஆகஸ்ட் 2

வணக்கம்.

மூன்றாம் பாகம் பாதியில் நிற்கிறது. படிக்க முடியாமல் இல்லை. எழுத்து பளிச்சென்று தெரிகிறது. படித்து என்ன ஆகப் போகிறது என்று தோன்றுகிறது.

தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டேன். கிரேனிலிருந்து தொங்கும் இரும்புச் சட்டத்தைப் பெட்டியின் மேல் இறக்க வேண்டும். நான்கு மூலையும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் பூட்டு விழும், பிறகு தூக்கலாம். ஆரம்பத்தில் எனக்கு அது நன்றாகவே வந்தது. இந்த இரண்டு மூன்று மாதமாக என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கால் இடுக்கு வழியாகக் கீழே பார்த்தால் பெட்டியின் மூலை கலங்கித் தெரிகிறது, மிதக்கிற மாதிரி இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் ஏறி உட்காருகிறது. கீழே நிற்பவர்கள் விலகி ஓடுகிறார்கள். தலை வலிக்கிறது.

மீசை நல்ல மனிதர். "பயம்மா அது. சில பேருக்கு உள்ளுக்குள்ள உட்கார்ந்துக்கும். வெட்கப்படறதுக்கு ஒண்ணுமில்லை" என்றார். செப்டம்பரில் கடைசி வாய்ப்பு. அதிலும் வராவிட்டால் அனுப்பிவிடுவார்கள். உயரத்தைப் பார்த்து எனக்கு ஒரு நாளும் பயம் வந்ததில்லை. ஆனால் எல்லோரும் பயம் என்றால் பயம்தான் போலிருக்கிறது.

நீங்கள் சொன்ன கடைசிப் பக்கம்தான் வரப் போகிறது. இன்று கேபினில் உட்கார்ந்து அழுதேன். எழுதி வைத்திருந்தால் தேதி போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது: ஒன்றுமில்லை.
அடுத்து: ஒன்றுமில்லை.


ஆகஸ்ட் 6

அடி அசடே,

இத்துடன் ஒரு சின்னப் பார்சல் இருக்கிறது. கடிதத்தைப் படிக்கும் முன்பே அதைப் பிரித்திருப்பாய், உன்னைத் தெரியாதா. இரண்டு கண்ணாடி இருக்கும். கறுப்பு பிரேம் வேலைக்கு. முழுக்கத் தூரப்பார்வைக் கண்ணாடி, பாதி கீதி எதுவும் கிடையாது. பழுப்பு பிரேம் புத்தகத்துக்கு. அந்தப் பைஃபோகலைக் கழற்றி, வாங்கிய இடத்திலேயே கொடுத்துவிட்டு வா.

நூலகப் புத்தகத்தில் உன் நாற்காலியின் படத்தை எத்தனை தரம் பார்த்தேனோ. ஓட்டுநர் முன்னால் சாய்ந்து, நேர் கீழே, காலுக்கு நடுவில் பார்க்கிறார். முன்னால் கேபின் கண்ணாடி இடிப்பதால் தலையை முழுசாகக் குனிய முடியாது, கண்ணைத்தான் தாழ்த்துவார். கண்ணைத் தாழ்த்தினால் பைஃபோகலில் எந்தப் பாதி வரும்? கீழ்ப் பாதி. அது எதற்கு? புத்தகத்துக்கு. கையெட்டும் தூரத்துக்குப் போட்ட கண்ணாடி வழியாகக் கப்பலின் அடியைப் பார்த்துவிட்டு, மூலை மிதக்கிறது என்கிறாய். மிதக்காமல் என்ன செய்யும்.

உனக்குப் பயம் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. மொட்டை மாடித் தொட்டியில் நீ ஏறி நின்று கழுவுவாய், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நான்தான் கண்ணை மூடிக்கொள்வேன். மீசையிடம் என் வணக்கத்தைச் சொல், அவருக்குக் கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றும் சொல்.

இதில் எனக்குச் சிரிப்பு எதற்கு என்றால், பைஃபோகல் வாங்க வந்த ஒவ்வொருவரிடமும், "படியில இறங்கும்போது தலையைக் குனிஞ்சு பாருங்க, இல்லேன்னா படி மங்கலாத் தெரியும்" என்று என் கடை வாசல்வரை போய்ச் சொல்லி அனுப்பியது யார்? நீதானே. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, நீ கிரேன் உச்சியில் போய் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

பவர் சரியாக இருக்கும். பயிற்சிக்குப் போகும் முன் உன் கண்ணைப் பார்த்தவன் நான்தான். உன் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள அளவைக் கார்டில் தேடவில்லை, அது எனக்குத் தெரியும். கடையை மூடிவிட்டு நானே உட்கார்ந்து லென்ஸ் தேய்த்தேன்.

தேர்வு எப்படி முடியும் என்று நான் சொல்லப் போவதில்லை. எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது, எழுது.

இப்போது: நூலகப் புத்தகமேதான். தவணை நீட்டியிருக்கிறேன்.
அடுத்து: இந்த இடத்தை நீ காலியாக விடக் கூடாது. இத்தனை வருஷத்தில் உன் பக்கம் சிலேட்டு ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை. எரிமலை என்ன ஆயிற்று?

இப்படிக்கு,
உன் கண்ணாடிக்காரன்


செப்டம்பர் 24

என் கண்ணாடிக்காரருக்கு,

ஜெயித்துவிட்டேன்.

முதலில் அதை எழுதிவிட்டேன், ஏனென்றால் நீங்கள் கடைசிக்கு ஓடிவிடுவீர்கள். இனி நிதானமாகப் படியுங்கள்.

கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் நாள் கீழே பார்த்தேன். பெட்டியின் மூலையில் இருக்கும் ஓட்டை, அதைச் சுற்றி உரிந்த பெயின்ட், பக்கத்தில் நின்றவர் தொப்பியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர், எல்லாம் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேலே என்ன சத்தம் என்று வாக்கி டாக்கியில் கேட்டார்கள்.

தேர்வு அன்று காற்று. கப்பல் ஆடிக்கொண்டிருந்தது. சட்டத்தை இறக்கினேன், நான்கு பூட்டும் ஒரே சத்தத்தில் விழுந்தன. தூக்கினேன், லாரியில் வைத்தேன், லாரி அசையவில்லை. இரண்டாவது பெட்டி. மூன்றாவது. அதற்கு அப்புறம் எனக்கு எண்ண வேண்டியிருக்கவில்லை, கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. மீசை பின்னால் நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக மீசையை முறுக்கிக்கொண்டே இருப்பார். நான் திரும்பிப் பார்த்தபோது மனிதர் மீசையை விட்டுவிட்டுக் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார். கீழே இறங்கினால் சின்னவர்கள் எல்லாம் "அக்கா, அக்கா" என்று என்னைத் தூக்கப் பார்த்தார்கள். தூக்குகிற வேலை என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் முதல் எனக்குத் தனி கிரேன்.

இதையும் கேளுங்கள். பைஃபோகல் விஷயத்தை மீசையிடம் சொன்னேன். அவர் மூக்கில் இருப்பதும் பைஃபோகல். பழைய ஓட்டுநர்களில் இன்னும் சிலரும் அதையே போட்டுக்கொண்டு, வயதாகிவிட்டது, கை வரவில்லை என்று நொந்துகொண்டிருக்கிறார்கள். துறைமுக அலுவலகம் எல்லோருடைய கண்ணையும் பார்க்க ஒருவரை அழைக்கச் சொல்லியிருக்கிறது. மீசை உங்களைத்தான் வரச் சொல்கிறார். "அந்த ஆளைக் கூப்பிடும்மா, எனக்குக் கண்ணைப் பத்தித் தெரியாதுன்னு சொன்ன ஆளை" என்றார்.

ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. நீங்கள் சும்மா இருந்திருந்தால் போதும். செப்டம்பரில் நான் தோற்றிருப்பேன், அழுதுகொண்டே வந்து உங்கள் வாசலில் நின்றிருப்பேன், நீங்கள் சொன்னது சொன்னபடி நடந்திருக்கும். ஏன் லென்ஸ் தேய்த்தீர்கள்?

மூன்றாம் பாகத்தை முடித்துவிட்டேன், நான்காம் பாகம் அனுப்புகிறேன். கடைசி அத்தியாயத்தை மட்டும் சிவப்பு நூலால் ஓரத்தில் தைத்து மூடியிருக்கிறேன். நெருக்கமான தையல். பிரித்தால் ஓட்டை தெரியும், திரும்பத் தைத்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். என் கண் இப்போது நன்றாக இருக்கிறது.

இப்போது: எரிமலைகள்.
அடுத்து: ஒரு பெரிய கப்பல் வருகிறது. அதற்கு அப்புறம் சொல்கிறேன்.

உங்கள்,
கிரேன்காரி


நவம்பர் 18

என் கிரேன்காரிக்கு,

நீ ஜெயித்துவிட்டாய் என்று படித்ததும் கடை வாசலில் போய் நின்றேன். யாரிடமாவது சொல்ல வேண்டும், தெருவில் ஆளே இல்லை. கடைசியில் தபால்காரர்தான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தார். அவரிடம் சொன்னேன். எதிர்ப்பக்கத்துச் சலவைக் கடைக்காரரிடம் சொன்னேன். கண் பரிசோதனைக்கு வந்த ஒருவரிடம், பலகையின் கடைசி வரி தெரிகிறதா என்று கேட்பதற்குப் பதில், என் மனைவி கப்பலிலிருந்து பெட்டி இறக்குகிறாள் என்றேன். தெரிகிறது என்றார் பாவம்.

ஏன் லென்ஸ் தேய்த்தீர்கள் என்று கேட்டிருந்தாய். நீ அடுத்து என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாய். அந்த மாதிரி ஒருத்தி என் வாசலில் வந்து நின்று நான் என்ன செய்வது? எனக்கு வேண்டியது அவள் இல்லை.

நான்காம் பாகத்தை மெதுவாகப் படித்தேன். இதோ சொல்கிறேன், நீ படித்திருப்பாய், அதனால் தப்பில்லை. குமாஸ்தா துரோகி இல்லை. மழையிலும் வெயிலிலும் குடைக்குள் பத்திரத்தை ஒளித்து வைத்துக்கொண்டு, பெரியவளுக்காகத் தெருத் தெருவாக அலைந்தவர் அவர்தான். தபால்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நான் தோற்றேன். தோற்பது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

தீர்ப்பு நாள் காலை, பெரியவள் படியேறுகிறாள், அங்கே உன் சிவப்பு நூல். அங்கேயே நிறுத்திவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு முறை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். காகிதம் கெட்டியாக இருக்கிறது. அவ்வளவுதான் என் குற்றம். தையலில் கை வைக்கவில்லை, வந்து நீயே பரிசோதித்துக்கொள். இல்லை, நான் கொண்டு வருகிறேன்.

மீசைக்குப் பதில் எழுதிவிட்டேன். பரிசோதனைப் பலகை, லென்ஸ் பெட்டி எல்லாவற்றோடும் டிசம்பரில் அங்கே வருகிறேன். எல்லோருடைய கண்ணையும் பார்த்து முடிக்க நாளாகும். அந்த நாட்களில் கடை பூட்டியிருக்கும், மாற்றுச் சாவியை மச்சானிடம் கொடுக்கப் போனேன். பேப்பரை நீட்டினார். கையெழுத்தை என்ன செய்வது என்று உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்றேன். முன்கூட்டிச் சொல்வதை விட்டுவிட்டேன் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இப்போது: தைத்த இடத்துக்கு முந்தைய பக்கம், திரும்பத் திரும்ப.
அடுத்து: நீ சொல்.

உன்,
தோற்றுப்போனவன்


நவம்பர் 27

அன்புள்ள உங்களுக்கு,

சிலேட்டைக் கொண்டு வாருங்கள். பழைய துணியில் சுற்றி, பெட்டி நடுவில் வையுங்கள், ஓரத்தில் வைத்தால் உடையும். குக்கரும் வரட்டும், இந்த முறை மூடியோடு. நான் தங்கியிருக்கும் அறையில் ஜன்னலைத் திறந்தால் என் கிரேன் தெரியும். ஜன்னல் பக்கச் சுவரில் ஆணி அடித்துவிட்டேன்.

அண்ணனுக்கு எழுதிவிட்டேன். அந்தப் பேப்பரை அவரே வைத்துக்கொள்ளட்டும், பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது, கணக்குப் போட உதவும். எங்களைப் பிரிக்க வேண்டுமென்றால் முதலில் நாவலைச் சரியாகப் பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றும் எழுதினேன். கோபிக்க மாட்டார், உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம்தான்.

நீ படித்திருப்பாய் என்று எழுதியிருந்தீர்கள். நான்காம் பாகத்தில் தீர்ப்பு நாள்வரைதான் நானும் படித்தேன். அதற்கு மேல் ஒரு வரி படிக்காமல்தான் தைத்தேன். பெரியவள் ஜெயித்தாளா தோற்றாளா என்று எனக்கும் தெரியாது.

கத்தரிக்கோலைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் வருகிற அன்று எனக்குக் காலை ஷிப்டு. ரயில் நிலையத்திலிருந்து நேராகத் துறைமுக வாசலுக்கு வந்து நின்று மேலே பாருங்கள். மூன்றாவது கிரேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பேன், நீங்கள் நிற்பது எனக்குத் தெளிவாகத் தெரியும்.

இப்போது: எதுவும் படிக்கவில்லை. காத்திருக்கிறேன்.
அடுத்து: கடைசி அத்தியாயம். நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், சத்தமாக, வரிசையாக.

உங்கள் மனைவி